காகிதத்தில் வளர்ந்த முத்துமாரி

மழை விட்டிருந்த ஒரு முற்பகலில் குழந்தைகள் டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மிளகுக் கிடங்குக்கும் தையல் கடைக்கும் நடுவில் இருந்தது எங்கள் அங்கன்வாடி. ஒரு பெரிய அறை, ஒரு சமையலறை, எந்தக் காலத்திலும் ஈரம் காயாத ஒரு முற்றம். உள்ளே கஞ்சி கொதிக்கும் சத்தம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ரெஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன்.

நாலு வயது ஹஸீனாதான் டீச்சர். அதாவது, நான். கிழிந்த நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, ஈர்க்குச்சியால் பரபரவென்று எழுதினாள். நடுநடுவே என்னைப் போலவே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். மூன்றரை வயது முத்துமாரியின் கையில் ஒரு டப்பா மூடி. அதுதான் கஞ்சித் தட்டு.

"டீச்சர், எனக்குக் கஞ்சி வேண்டாம்" என்றாள் முத்துமாரி.

ஹஸீனா திரும்பவே இல்லை. "நீ கழிச்சூன்னு எழுதியிட்டுண்டு. போய்க்கோ" என்றாள். நீ சாப்பிட்டாய் என்று எழுதியாகிவிட்டது, போ என்று அர்த்தம்.

சமையலறை வாசலில் நின்ற ரோசி சேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு உதவியாளராகச் சேர்ந்து கஞ்சி காய்ச்சத் தொடங்கி அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது அவருக்கு. என்னைக் கேலி செய்யக் கிடைக்கும் எந்தச் சந்தர்ப்பத்தையும் விடமாட்டார். "டீச்சரே, ஸ்வந்தம் படம் கண்டோ?" என்றார், உங்கள் படத்தையே பார்த்தீர்களா என்று.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தேன். என்ன வரி தெரியுமா? அன்றைய மதியக் கஞ்சியைச் சாப்பிட்ட குழந்தைகளின் பெயர்கள். கஞ்சி இன்னும் அடுப்பில்தான் இருந்தது.

இரண்டு ஊக்குகள்

முத்துமாரி வரிசையை விட்டு வந்து என் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது அவளுடைய பாவாடை நழுவியது.

ஒரு கையால் பிடித்து மேலே இழுத்துவிட்டேன். இடுப்பில் இரண்டு ஊக்குகள். துணியை இரண்டு மடிப்பு மடித்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக அவள் அம்மா குத்தி அனுப்பியிருக்கிறாள். அதற்கும் நிற்கவில்லை. அவளுடைய சொந்தப் பாவாடைதான். சேர்ந்த புதிதில் அது இடுப்பில் இறுக்கமாக இருந்து, நானே நாடாவைத் தளர்த்திவிட்டிருக்கிறேன்.

பேனாவை வைத்துவிட்டு அவளைத் தூக்கினேன். அவள் தலையிலிருந்து சுக்கு வாசம் வந்தது. அம்மா செல்விக்குக் கிடங்கில் சுக்கு பொறுக்கும் வேலை. வீடு முழுக்க அந்த வாசம்தான் இருக்கும். பிள்ளை கையில் இருப்பதாகவே தெரியவில்லை. அவ்வளவு லேசு.

எடை மெஷின் அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. அதை வெளியே எடுக்க, மேலே அடுக்கியிருந்த ரெஜிஸ்டர்களை முதலில் இறக்க வேண்டியிருந்தது. ஒன்று, இரண்டு என்று ரோசி சேச்சி இறக்கி இறக்கித் தரையில் வைத்தார். அத்தனையையும் இறக்கிய பிறகுதான் மெஷின் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது: அந்த மெஷின் மேல் தூசி படிந்திருந்தது.

பத்து கிலோ நானூறு.

அவள் பையில் அம்மா வைத்து அனுப்பும் வளர்ச்சிக் கார்டை எடுத்துப் பார்த்தேன். போன மாதம் பன்னிரண்டே முக்கால் கிலோ என்று என் கையெழுத்தில் அழகாக எழுதியிருந்தது.

உப்பு குறைந்த கதை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். இல்லாவிட்டால், இவள் என்ன டீச்சர், குழந்தையை எடை போடாமலா எழுதுவாள் என்று நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். திட்டலாம். ஆனால் கதையைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டே நோட்டு. வந்தவர்கள் பெயர் ஒன்றில், வந்த அரிசி பயறு இன்னொன்றில். பிறகு ஒவ்வொன்றாக முளைத்தன. முட்டை கொடுக்கத் தொடங்கினார்கள், முட்டைக்கு ஒரு ரெஜிஸ்டர். பால் வந்தது, பாலுக்கு ஒன்று. கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவுப் பொட்டலம் வந்தது, அதற்கு ஒன்று, அதை வாங்கியவர்கள் கையெழுத்துக்கு வேறொன்று. கடைசியில் கையில் ஒரு போனையும் கொடுத்து, இனிமேல் எல்லாம் இதில்தான் என்றார்கள். நாங்கள் கைதட்டினோம். நோட்டுகள் போய்விடும் என்று நினைத்தோம். நோட்டுகளும் இருந்தன, போனும் சேர்ந்தது. ரெஜிஸ்டர் மொத்தம் பதினொன்று.

அதில் ஒன்று, ருசி பார்க்கும் ரெஜிஸ்டர். குழந்தைகளுக்குப் பரிமாறும் முன் சமைத்தவர் ருசி பார்த்து, எப்படி இருந்தது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ரோசி சேச்சி தினமும் "நன்னாயி" என்று, அதாவது நன்றாக இருந்தது என்று, எழுதிக் கையெழுத்திடுவார். ஒரு நாள் உப்பு கொஞ்சம் குறைந்துவிட்டது. நேர்மையான மனுஷி. "உப்பு குறவு" என்று எழுதினார்; பிறகு உப்பைப் போட்டுக் கலக்கி, பரிமாறிவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் ரெஜிஸ்டர் மேலே போனது. உப்பு குறைந்தது ஏன், பொறுப்பு யாருடையது என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நான் ஒரு பக்கம் எழுதிப் பதில் அனுப்பினேன். அது போதாது, உப்பு இருப்புக் கணக்கையும் இணைக்கவும் என்று இன்னொன்று வந்தது.

அன்று முதல் ரோசி சேச்சி மாத ஆரம்பத்திலேயே முப்பது நாளைக்கும் சேர்த்து "நன்னாயி" எழுதி வைத்துவிடுவார். "இனி எனிக்கு நாக்கே வேண்டா டீச்சரே" என்பார்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையை எழுதினால் கேள்வி வரும், நல்லதாக எழுதினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று அந்த உப்பு விஷயத்தில்தான் நாங்கள் இருவரும் கற்றுக்கொண்டோம்.

என் வீட்டுக்காரர் பழைய பேப்பர் வியாபாரம் செய்பவர். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த நீங்கள் தமிழில் எப்படி எழுதுகிறீர்கள் என்று இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர் ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார். அவருக்கான பதிலும் இதுதான். வீட்டில் பேசுவது தமிழ். எழுத்து மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு, இவர் கடைக்கு எடைக்கு வரும் தமிழ் வார இதழ்களைப் பார்த்துப் பார்த்து வந்தது. இவர் ஒரு நாள் என் ரெஜிஸ்டர் பையைக் கையில் தூக்கிப் பார்த்து, தொழில் கண்ணோடு, "ஆறு கிலோ தேறும் ஜமீலா. நீ பிள்ளைகளை வளக்குறியா, பேப்பரை வளக்குறியா? பேப்பர் நல்லாச் சதை போட்டிருக்கு" என்றார்.

அன்று அவரோடு சண்டை போட்டேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். சொன்னவர் சரியாகச் சொல்லிவிட்டால் இன்னும் சீக்கிரம் வரும்.

மெஷின் இல்லாமல் எடை

எடை விஷயத்துக்கு வருகிறேன்.

மாதம் ஒரு முறை எல்லாக் குழந்தைகளையும் எடை போட வேண்டும். போட்டதை வளர்ச்சி ரெஜிஸ்டரில் எழுத வேண்டும், அம்மாவிடம் இருக்கும் கார்டில் கோடு போட வேண்டும், சுவர் அட்டவணையில் புள்ளி வைக்க வேண்டும், மாத அறிக்கையில் சேர்க்க வேண்டும், பிறகு போனில் ஏற்ற வேண்டும். ஒரே எடை, ஐந்து இடம். ஐந்தில் ஒன்று மாறிவிட்டாலும் விளக்கக் கடிதம்.

குழந்தையை எடை போட இரண்டு நிமிஷம் ஆகும். அழும், செருப்பைக் கழற்றாது, இறங்கி ஓடும், ஆகட்டும், ஐந்து நிமிஷம். எழுதத்தான் நாள் போதாது. அறிக்கை கொடுக்க வேண்டிய தேதி கழுத்தைப் பிடிக்கும்போது எங்கள் பக்கத்து டீச்சர்கள் எல்லோரும் ஒரு வழி வைத்திருந்தோம். போன மாத எடையோடு இருநூறு கிராம் கூட்டி எழுதிவிடுவது. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். வளரும் பிள்ளை வளரத்தானே செய்யும் என்று ஒரு சமாதானம்.

பலரும் ஒரு மாதம் விட்டு ஒரு மாதமாவது உண்மையில் எடை போடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த வருஷம் மழைக்காலத்தில் என்னவோ ஒன்றன்பின் ஒன்றாக அறிக்கைகள் கேட்டார்கள். ஐந்து மாதம் தொடர்ந்து கூட்டியே எழுதியிருக்கிறேன்.

அந்த ஐந்து மாதத்தில் காகிதத்து முத்துமாரி மாதம் இருநூறு கிராம் தவறாமல் வளர்ந்தாள். என் முன்னால் கஞ்சித் தட்டோடு உட்கார்ந்திருந்த முத்துமாரி வாயில் ஒரு கவளத்தை வைத்து விழுங்காமல் ஒதுக்கிக்கொண்டு, மீதியைப் பக்கத்துத் தட்டில் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கிறாள். ரோசி சேச்சி பரிமாறிக்கொண்டும் கழுவிக்கொண்டும் இருந்தார். நான் கஞ்சி நேரத்தில்தான் போனில் படம் ஏற்றுவேன், ரெஜிஸ்டர் எழுதுவேன். பார்க்க இருந்த ஒரே ஆள் நான்தான். நான் பார்க்கவில்லை.

லதா டீச்சரின் யோசனை

அன்று மத்தியானமே உண்மையான எடையைப் போனில் போட்டேன். போன் ஒத்துக்கொள்ளவில்லை. எடை இவ்வளவு குறைய வாய்ப்பில்லை, சரிபார்க்கவும் என்று சிவப்பில் காட்டியது. ஐந்து மாதம் பொய்யை வாய் திறக்காமல் விழுங்கிய போன், உண்மையை மட்டும் துப்பியது. இந்த அளவு மாற்றத்தை எங்கள் சூப்பர்வைசர் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் உள்ளே போகும். உள்ளே போனால்தான் முத்துமாரிக்கு இரட்டைப் பங்கு முட்டையும் பாலும் வீட்டுக்குக் கொடுத்துவிடும் சத்துமாவும் கிடைக்கும்.

பக்கத்து வட்டத்து லதா டீச்சருக்குப் போன் செய்தேன். என் சிநேகிதி. நல்லவள், பயந்தவள்.

"ஜமீலா, ஒண்ணும் பறயண்டா, ஆர்கிட்டயும் சொல்லாதே. மாசம் கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு எழுது. முந்நூறு, நானூறு. நாலஞ்சு மாசத்துல சரியான எடத்துக்கு வந்துரும். ஆருக்கும் தெரியாது."

"அதுவரைக்கும் பிள்ளைக்கு?"

"நீ கைக்காசு போட்டு முட்டை வாங்கிக் கொடு. நானும் தரேன்."

கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன். என் வேலைக்கு ஆபத்தில்லாத யோசனை. ஓய்வு பெற இன்னும் சில வருஷம் பாக்கி இருந்தது. பொய் எடை எழுதினாள் என்று எழுத்தில் வந்துவிட்டால் வேலையே போகலாம். வீட்டில் பேப்பர் வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம். ஒரு மணி நேரம் அந்த யோசனையோடுதான் உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிறகு செல்வி பிள்ளையைக் கூட்டிப்போக வந்தாள்.

செல்வி சொன்னது

செல்வி தென்காசிப் பக்கத்துக்காரி. புருஷனும் அவளும் இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவனுக்கு வைட்டிலா பக்கம் கட்டட வேலை, இவளுக்குக் கிடங்கு. வேலை விட்டு வரும்போது முகத்திலும் புருவத்திலும் சுக்குத் தூசி வெள்ளையாக ஒட்டியிருக்கும்.

அவளை உட்கார வைத்தேன். மெஷினில் பிள்ளையை ஏற்றி எண்ணைக் காட்டினேன். பிறகு கார்டைக் காட்டினேன். "இந்தக் கார்டுல நான் எழுதினது எல்லாம் பொய், செல்வி. அஞ்சு மாசமா நான் பிள்ளையை எடை போடவே இல்லை" என்றேன். சுற்றி வளைத்துச் சொல்லியிருந்தால் என்னால் சொல்லி முடித்திருக்க முடியாது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கார்டை வாங்கி அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"தூக்கையில லேசாத்தாம் டீச்சர் இருந்தா. எனக்குத் தெரியாமலா? ராத்திரி சோறு எறங்க மாட்டேங்கா. ஆசுபத்திரிக்குப் போவமான்னு ரெண்டு மட்டம் அவுக கிட்ட கேட்டேன். அவுக கார்டை எடுத்துப் பாத்தாவ. கோடு மேலதான ஏறிட்டுப் போவுது, டீச்சர் பொய் எழுதுவாவளான்னாவ. எனக்கும் சரியாத்தாம் பட்டுது. நம்ம கைதாம் எடை தெரியாத கையின்னு நெனச்சிக்கிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ விளக்கக் கடிதங்கள் எனக்கு வந்திருக்கின்றன. அதில் ஒன்றும் என்னை அழ வைத்ததில்லை.

மறுநாள் காலை நானே அவர்களோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வயிற்றில் பூச்சி, உடம்பில் ரத்தம் குறைவு. டாக்டர் மருந்து எழுதினார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் நிலைமை வேறு என்றார். மருந்தோடு நல்ல சாப்பாடு தினமும் உள்ளே போக வேண்டும் என்றார்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நேராக சூப்பர்வைசரைப் பார்க்கப் போனேன். கைக்காசில் முட்டை வாங்கும் யோசனை அதற்குள் என்னை விட்டுப் போயிருந்தது. அந்த முட்டை முத்துமாரியின் உரிமை. நான் ஏன் அதைத் தர்மமாகக் கொடுக்க வேண்டும்?

கதவைச் சாத்திக்கொண்டு

எங்கள் சூப்பர்வைசர் பிந்து மேடம் என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆட்கள் முன்னால் "ஜமீலா டீச்சர்" என்பார். தனியாக இருந்தால் அக்கா என்ற உரிமையில் "இத்தா" என்பார். நான் சொன்னதைக் கேட்டதும், "இத்தா, அந்த வாதில் ஒந்நு அடைக்கு" என்றார். நான் எழுந்து கதவைச் சாத்தினேன்.

"இத எழுத்துல தந்தா நான் மெமோ தராம இருக்க முடியாது. அறியாமோ?"

"அறியும்."

"எல்லா மாசமும் கார்டு சரிபார்த்தேன்னு என் கையெழுத்தும் உண்டு இதுல."

"அதும் அறியும். நீங்க வந்து ஒரு பிள்ளையையாவது தூக்கிப் பாத்திருக்கீங்களா மேடம்? நேரம் இருந்துச்சா உங்களுக்கு?"

அவருடைய மேஜையில் என் பதினொன்றைப் போல இருபத்தைந்து அங்கன்வாடிகளின் நோட்டுகள் கட்டுக் கட்டாக இருந்தன. பிந்து மேடம் அந்தக் கட்டுகளைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, முத்துமாரியின் பத்து கிலோ நானூறுக்கு ஒப்புதல் கொடுத்தார். அடுத்த தாளை எடுத்து எனக்கு மெமோ எழுதினார். இரண்டையும் என் கண் முன்னாலேயே செய்தார். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றுதான்.

அன்றைக்கே முத்துமாரிக்கு இரட்டைப் பங்கு தொடங்கியது. மெமோவுக்குப் பதில் எழுத எனக்கு ஏழு நாள் தவணை.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன், ஒரு வரி. மீதிப் பக்கங்களில், ஒரு நாள் முழுக்க என் வலது கை என்ன செய்தது என்று எழுதினேன். காலையில் வந்து செருப்பைக் கழற்றியதிலிருந்து சாயங்காலம் பூட்டுப் போட்டது வரை. எந்த நோட்டில் என்ன, அதையே மறுபடி எந்த நோட்டில் என்று. எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது, முத்துமாரி என்ற பெயரை நான் ஒரே நாளில் ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறேன். அந்த நாளில் அந்தப் பெயரைச் சொல்லி அவளை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அதையும் எழுதினேன்.

அந்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைப் படித்தேன். பாலத்துக்கு அப்புறம் உள்ள ஆபீஸ் ஹால். பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் சாயாவும் அப்போதுதான் கொடுத்திருந்தார்கள். பிந்து மேடத்துக்கும் மேலே உள்ள புராஜெக்ட் ஆபீஸர் தலையைக் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். "இருநூறு கிராம் கூட்டி எழுதுறது நான் மட்டும்தான்னா நான் மட்டும் போறேன். இல்லேன்னா நீங்களும் சொல்லுங்க" என்று டீச்சர்களைப் பார்த்துக் கேட்டேன்.

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. லதா பழம்பொரியில் எண்ணெய் ஒற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் போகும் பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. அவ்வளவு கூட்டத்திலும் என் பக்கத்தில் உட்கார ஆளில்லை. வீட்டுக்குப் போய் எல்லோரையும் பெயர் சொல்லித் திட்டினேன். என் வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மெலிந்த மாதம்

அடுத்த மாத அறிக்கைகள் போய்ச் சேர்ந்த மறுநாள், பிந்து மேடம் போன் செய்தார். குரலில் பதற்றம்.

"இத்தா, நம்மட பிள்ளேர் எல்லாம் ஒற்ற மாசம் கொண்டு மெலிஞ்ஞு போயல்லோ!"

எங்கள் பக்கத்துக் குழந்தைகளில் பலர் ஒரே மாதத்தில் இளைத்துப் போயிருந்தார்கள். சிலர் அரைக் கிலோ, சிலர் ஒரு கிலோ. சிலருக்கு எடை கூடியும் இருந்தது, பொய்க் கணக்கு இரண்டு பக்கமும் பிசகும் அல்லவா? என்ன நோய் பரவுகிறது, தண்ணீரில் ஏதாவது கலந்துவிட்டதா என்று மேலேயிருந்து கேட்கிறார்களாம்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள், பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராதவர்கள், ஆளுக்கு ஆள் தங்கள் அலமாரியிலிருந்து மெஷினை இறக்கியிருக்கிறார்கள். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமல் பிள்ளைகளை ஏற்றி நிறுத்தி, வந்ததை அப்படியே எழுதிவிட்டார்கள். லதாவிடம் கேட்டேன். "நீ படிச்சுட்டு உக்காந்தப்போ எனக்கு என் செண்டர் பிள்ளைகள் முகம் ஓர்மை வந்துச்சு. பேச தைரியம் இல்ல. எடை போட தைரியம் வேண்டாமல்லோ" என்றாள்.

அவர்களைத் திட்டியதை எல்லாம் நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். சும்மா இல்லை, ஒவ்வொருவருக்கும் போன் செய்து. பயந்தவர்கள் என்று நான் நினைத்தவர்கள், நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய காரியத்தைச் சத்தமில்லாமல் செய்திருந்தார்கள்.

பரிசோதிக்க டாக்டர்களோடு ஒரு குழு வந்தது. வட்டம் வட்டமாகப் போய்ப் பிள்ளைகளை எடை போட்டார்கள். எங்கள் டீச்சர்கள் எழுதிய எடை சரியாகவே இருந்தது. நோயும் இல்லை, தண்ணீரிலும் கோளாறு இல்லை. அதற்கு முந்தைய மாதங்கள்தான் கோளாறு. அத்தனை பேருக்கும் மெமோ கொடுத்தால் மறுநாள் கஞ்சி காய்ச்ச ஆள் இருக்காது என்று புராஜெக்ட் ஆபீஸருக்குப் புரிந்திருக்க வேண்டும். என் பதில் கடிதத்தைத் தேடி எடுத்து இன்னொரு தடவை படித்ததாகப் பிந்து மேடம் சொன்னார்.

நாலு நோட்டு

பிறகு நடந்தது ஒரு சனிக்கிழமை. என் அங்கன்வாடியின் பதினொரு ரெஜிஸ்டரையும் ஆபீஸ் மேஜையில் வரிசையாகத் திறந்து வைத்தோம். ஆபீஸர், பிந்து மேடம், நான், லதா. ஒரே விஷயத்தைக் கேட்கும் பக்கங்களை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கச் சொன்னேன். முட்டையும் பாலும் கஞ்சியும் வருகையும் ஒரே வரியில் அடங்கும், நாலு கட்டம் போதும். எடையை ஒரே இடத்தில் எழுதுகிறோம். மற்ற இடங்களுக்கு வேண்டுமென்றால் நீங்களே அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சாப்பிட்டதற்கான அடையாளம் சாப்பிட்ட பிறகுதான் போடப்படும் என்பதை மட்டும் பேரம் பேசாமல் கேட்டேன்.

ருசி பார்க்கும் ரெஜிஸ்டரைப் பார்த்து ஆபீஸர், "முப்பது நாளும் நன்னாயியா? உங்க ரோசி சேச்சி நல்ல குக் அல்லோ" என்றார். உப்புக் கதையைச் சொன்னேன். மனுஷர் முகத்தை மூடிக்கொண்டு சிரித்துவிட்டு, அதையும் தள்ளி வைத்தார்.

பதினொன்று நாலாகியது. முதலில் எங்கள் பக்கத்துக்கு மட்டும், பரிசோதனையாக. ஒரு தலைமுறைக்கு ஒரு முறையாவது ஆபீஸில் நல்லது நடக்கும். அது என் காலத்தில் நடந்தது, நான் கேட்டு நடந்தது. இதில் எனக்கு அடக்கம் எல்லாம் கிடையாது. என் மெமோ ரத்தாகவில்லை, ஓய்வு பெறும் நாள் வரை என் கோப்பிலேயே இருந்தது. அதை எடுத்துவிடும்படி நான் கேட்கவும் இல்லை. அது சரியாகக் கொடுக்கப்பட்ட மெமோ.

கஞ்சி நேரத்தில் என் கை சும்மா இருந்தது. முதல் வாரம் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. முத்துமாரியின் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பயறை மசித்துக் கொடுத்தால் விழுங்குகிறாள், முழுப் பயறாக இருந்தால் ஒதுக்குகிறாள் என்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. இதைத் தெரிந்துகொள்ள எந்த ரெஜிஸ்டரிலும் கட்டம் இருந்ததில்லை.

மூன்றாவது மாதத்து எடை நாள். செல்வி கிடங்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். நான் வரச் சொல்லவில்லை, அவளாக வந்தாள். முத்துமாரியின் இடுப்பில் ஒரு ஊக்கு மட்டும் இருந்தது. பிள்ளை தானாக ஓடிப்போய் மெஷின்மேல் ஏறி நின்றது. நான் குனிந்து பார்த்தேன். பதினொன்று எண்ணூறு. சந்தோஷத்தில் பேனாவை எடுத்துவிட்டேன்.

"கொஞ்சம் இருங்க டீச்சர்" என்றாள் செல்வி.

என்னை மெல்ல விலக்கிவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். எண்ணை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். பிறகு பிள்ளையை இறக்கி, இரண்டு கையாலும் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள்.

"சரியாத்தாம் இருக்கு" என்றாள். "இப்ப எழுதுங்க."

நான் எழுதினேன்.